பெரிய கேமராவா, சின்ன கேமராவா? களத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

"அண்ணே, நாங்க பத்துப் பேரு காசு போட்டு ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கோம். டிஎஸ்எல்ஆர் வாங்கறதா, பாக்கெட்ல போடற மாதிரி சின்னதா வாங்கறதா?" இந்தக் கேள்வி ஆண்டுக்கு நாலைந்து முறையாவது என்னிடம் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். விடுதிச் சாப்பாட்டுக்கே கணக்குப் பார்க்கிற பிள்ளைகள். அவர்கள் போடுகிற ஒவ்வொரு நூறு ரூபாயும் யாரோ ஒரு அம்மாவின் கூலி. அதனால் போகிற போக்கில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இரண்டு வகைக் கேமராவையும் தோளிலும் பையிலுமாகச் சுமந்துகொண்டு பல ஆண்டுகள் சேரிகளுக்குப் போய்வந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு எதிர்க்கேள்வியை முடித்துவிடுவோம். கையில் செல்போன் இருக்கும்போது தனியாகக் கேமரா எதற்கு? படத்தின் தரத்தை வைத்து மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்றைய நல்ல செல்போன் பகல் வெளிச்சத்தில் பிரமாதமாகவே படம் எடுக்கிறது. ஆனால் உங்கள் போனில் படம் மட்டுமா இருக்கிறது? சாட்சி சொல்ல வந்தவரின் எண் இருக்கிறது. வழக்கறிஞரோடு பேசியது இருக்கிறது. குழுவில் யார் யார் என்ற பட்டியல் இருக்கிறது. வீட்டுப் படம், தங்கையின் படம் இருக்கிறது. களத்தில் யாராவது அதைப் பிடுங்கினால் போவது ஒரு கருவி மட்டுமல்ல, உங்களை நம்பிப் பேசிய அத்தனை பேரும்தான். கேமராவைப் பிடுங்கினால் அன்று எடுத்த படங்கள் போகும். அதோடு சரி. இந்த ஒரு காரணத்துக்காகவே தனிக் கேமரா வேண்டும் என்பேன்.

சரி, எது? பேச்சு காற்றில் போகாமல் இருக்க, இரண்டு கேமராக்களைப் பெயர் சொல்லியே எடுத்துக்கொள்வோம். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆருக்கு 2010இல் வந்த நிக்கான் டி3100. மெல்லிய சட்டைப்பைக் கேமராவுக்கு 2011இல் வந்த கேனான் இக்சஸ் 115 ஹெச்எஸ். இரண்டும் பழசு. பழசு என்பதால்தான் நமக்குக் கிடைக்கும். மிரர்லெஸ் வந்தபிறகு கல்யாண வீட்டுப் படக்காரர்கள் டிஎஸ்எல்ஆர்களை விற்றுத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். சின்னக் கேமராக்களோ எத்தனையோ வீடுகளில் மேசை இழுப்பறையில் தூங்குகின்றன. உங்களுக்கு வேறு மாடல் கிடைத்தாலும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

மெகாபிக்சலைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் 14.2, இதில் 12.1. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. வித்தியாசம் இருப்பது சென்சாரில். வெளிச்சத்தைப் பிடிக்கிற தகடு அது. டி3100இன் சென்சார் 23.1 மி.மீ. அகலம், 15.4 மி.மீ. உயரம். சின்னக் கேமராவின் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 12 மடங்கு வித்தியாசம் வரும். மழை பெய்யும்போது அண்டாவை வைத்துப் பிடிப்பதற்கும் டம்ளரை வைத்துப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அடைமழையில் டம்ளரும் நிறையும். தூறலில்தான் சிக்கல்.

நம் களத்தில் வெளிச்சம் எப்போதும் தூறல்தான். கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பிவந்து கூடுவதே இருட்டிய பிறகு. ஒற்றை பல்பு, சில இடங்களில் அதுவும் இல்லை. ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு அம்மா நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சின்னக் கேமரா திணறும். ஐஎஸ்ஓவை 800க்கு மேல் ஏற்றினால் முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். பிளாஷ் போட்டால் இரண்டு மூன்று மீட்டருக்குத்தான் எட்டும். அதுவும் முன்னால் இருப்பவர் நெற்றியில் பளீரென்று அடித்து, பின்னால் இருப்பவரை இருட்டில் தள்ளிவிடும். டிஎஸ்எல்ஆரில் ஐஎஸ்ஓ 1600 வரை தைரியமாகப் போகலாம். அவசரத்துக்கு 3200ம் உதவும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டிஎஸ்எல்ஆரோடு வருகிற 18-55 லென்ஸ் வெளிச்சத்துக்குக் கஞ்சன். முழுக்க நீட்டினால் எஃப் 5.6தான். எஃப் 1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டால் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். டிஎஸ்எல்ஆரின் உண்மையான பலமே இந்த லென்ஸ் மாற்றும் வசதிதான். ஆனால் கவனம்: டி3100இல் குவியத்தை நகர்த்தும் மோட்டார் உடலில் இல்லை. லென்ஸிலேயே மோட்டார் இருக்க வேண்டும். நிக்கானில் 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். விலை குறைவு என்று பழைய 'டி' வகை லென்ஸை வாங்கினால் கையால் திருகித்தான் குவியம் பிடிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து நம் நிறம். இதைக் கேமராக் கடையில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். பல ஆண்டுகள் கோடாக் நிறுவனத்தின் வண்ண அச்சுக்கு அளவுகோலாக இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் உள்ள அட்டை. அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். கறுத்த தோல் அப்பிய மையாக வந்தால் அது கறுத்தவர்களின் பிரச்சனை. சாக்லேட்டும் மரச்சாமானும் விற்கும் கம்பெனிகள் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் ஒழுங்காக வரவில்லை என்று புகார் சொன்னதும் கோடாக் அசைந்ததற்கு ஒரு காரணம் என்கிறார்கள் இதை ஆராய்ந்தவர்கள். மனிதர்கள் சொன்னபோது கேட்காத காது, மரப்பெட்டி சொன்னபோது கேட்டது. நமக்கு இது புதிய கதை இல்லை.

டிஜிட்டல் கேமராவிலும் இந்தக் கோளாறு வேறு வடிவத்தில் இருக்கிறது. கேமராவின் அளவுமானி எதிரே உள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர், நண்பகல் வானம் இவை படத்தை அடைத்துக்கொண்டால், 'அய்யோ வெளிச்சம் அதிகம்' என்று கேமரா தானாகக் குறைத்துவிடும். வேட்டி அழகாக வரும். வேட்டி கட்டியவரின் முகம் காணாமல் போகும். இதற்கு மருந்து இரண்டு கேமராவிலும் இருக்கிறது. கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான். அதைக் கூட்டல் பக்கம் 0.7 அல்லது 1 வரை தள்ளுங்கள். சுவர் வெளுத்தால் வெளுக்கட்டும். நாம் சுவரைப் படமெடுக்கப் போகவில்லை. டிஎஸ்எல்ஆரில் 'ரா' கோப்பாகவும் சேர்த்து எடுத்தால் இருண்ட முகத்தைப் பிறகு ஓரளவு மீட்கலாம். அந்தச் சின்னக் கேமராவில் ஜேபெக் மட்டும்தான். எடுக்கும்போதே சரியாக எடுக்க வேண்டும்.

இதுவரை படித்தால் டிஎஸ்எல்ஆர்தான் ஜெயித்தது என்று தோன்றும். இனிமேல்தான் இருக்கிறது விஷயம்.

டிஎஸ்எல்ஆர் வாங்கும் எல்லோரும் முதலில் ஆசைப்படுவது பின்னணி மங்கலான படத்துக்குத்தான். முகம் மட்டும் தெளிவாக, பின்னால் எல்லாம் வெண்ணெய்போல் உருகி இருக்கும் படம். முகநூலில் போட்டால் விருப்பக்குறி குவியும். ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். சாதி எங்கே இருக்கிறது? அந்தத் தாத்தாவின் முகத்திலா? அவருக்குப் பின்னால் இருக்கிறது. ஊர்த்தெரு வரை வந்து சட்டென்று நின்றுபோன சிமென்ட் சாலையில் இருக்கிறது. சேரிக்குள் வராத குடிநீர்க் குழாயில் இருக்கிறது. சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் வயல் வரப்பில் பிணம் சுமக்கும் காட்சியில் இருக்கிறது. பின்னணியை உருக்கிவிட்டால் மிச்சமிருப்பது ஒரு சோகமான கிழவர் முகம். பார்ப்பவர்கள் 'ஐயோ பாவம்' என்பார்கள். 'யார் செய்தது?' என்று கேட்க மாட்டார்கள்.

சின்னக் கேமராவால் அப்படி மங்கலாக்க முடியாது. சென்சார் சிறியது என்பதால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் ஒரே தெளிவோடு விழும். கேமரா உலகத்தில் இதைக் குறை என்கிறார்கள். நம் வேலைக்கு இதுதான் வசதி. டிஎஸ்எல்ஆரில் இதே தெளிவு வேண்டுமென்றால் எஃப் 8, எஃப் 11 என்று துளையைச் சுருக்க வேண்டும். பகலில் தாராளமாகச் செய்யலாம், செய்யுங்கள்.

உத்தப்புரத்தை நினைத்துப் பாருங்கள். 1989இல் தலித் மக்களின் குடியிருப்பை மறித்து எழுப்பிய சுவர். 2008 மே 6 அன்றுதான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அப்படி ஒரு சுவரைப் படமெடுக்க வேண்டுமானால் செங்கல்லை மட்டும் எடுத்துப் பயனில்லை. சுவரும், அதற்கு இந்தப்பக்கத்து வீடும், அந்தப்பக்கம் போகும் பாதையும் ஒரே படத்தில் விழ வேண்டும். அகலக்கோணத்தில் டிஎஸ்எல்ஆர் பெரிதாகக் கிழித்துவிடும் என்று நினைக்காதீர்கள். அதன் 18-55 லென்ஸை 35 மி.மீ. பிலிம் கணக்குக்கு மாற்றினால் 27 முதல் 82 வரை வரும். சின்னக் கேமராவில் 28 முதல் 112 வரை. அகலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. தூரத்தை இழுப்பதில் சட்டைப்பைக் கேமராதான் கொஞ்சம் முன்னால் நிற்கிறது.

அடுத்தது எடை. டி3100உம் லென்ஸும் பேட்டரியும் சேர்ந்தால் முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில் வரும். சின்னது சுமார் 140 கிராம். நான் சொல்ல வந்தது தோள்வலியைப் பற்றி அல்ல. அந்த முக்கால் கிலோவை எதிரே இருப்பவரும் சுமக்கிறார்.

வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், வீடுகள் அடித்து நொறுக்கப்பட்ட மறுநாள் போயிருந்தோம். என் தோளில் பெரிய கேமரா. ஒரு ஆயா எழுந்து வந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "எந்த டிவிப்பா நீங்க? எப்ப போடுவீங்க?" என்று கேட்டார். நாங்கள் டிவி இல்லை, உண்மை அறியும் குழு என்று விளக்கி முடிப்பதற்குள் அவர் கண்ணில் இருந்த ஏதோ ஒன்று அணைந்துவிட்டது. பெரிய கேமரா ஒரு வாக்குறுதி. 'உங்கள் கதை இன்று இரவே உலகத்துக்குத் தெரியும்' என்று நாம் வாய் திறக்காமலே அது சொல்லிவிடுகிறது. அதே குழுவில் வந்த தங்கை ஒருத்தி சின்னக் கேமராவோடு வீட்டுக்குள் போய், அடுப்பு உடைந்ததை, அரிசியில் மண்ணைக் கொட்டியதை, கிழிந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஆயா அவளோடு போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். டிஎஸ்எல்ஆரைக் கண்ணில் ஒட்டிவைத்தால் எடுப்பவர் முகம் மறைந்துவிடும். சின்னதைக் கையை நீட்டிப் பிடிப்பதால் நம் முகம் அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். துக்கத்தில் இருப்பவருக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

இன்னொரு சுமையும் உண்டு. பெரிய கேமராவைப் பார்த்ததும் சேரிக்கு முன்னால் ஊருக்குத்தான் செய்தி போகும். வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதற்குள் இரண்டு பைக் பின்னால் வரும். காவலர் வந்து, "யாரு, பிரஸ்ஸா? ஐடி கார்டு எங்க?" என்பார். அதே சமயம், ஆர்ப்பாட்டத்திலோ ஊர்வலத்திலோ பெரிய கேமரா ஒரு காவல் என்பதையும் பார்த்திருக்கிறேன். படம் பிடிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் ஓங்கிய லத்தி அரை நொடி தயங்கும். அந்த அரை நொடியில் ஒரு மண்டை தப்பிக்கும். வேகத்திலும் அங்கே டிஎஸ்எல்ஆர்தான். பொத்தானை அழுத்திய கணத்தில் படம் விழும். வெயிலில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கலாம். சின்னக் கேமராவுக்குக் கண்துளை கிடையாது. உச்சிவெயிலில் அதன் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். அது குவியம் பிடித்து முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

ஆனால் இரட்டைக் குவளை வைத்திருக்கும் டீக்கடைக்கு டிஎஸ்எல்ஆரோடு போனால், நீங்கள் பெஞ்சில் உட்காருவதற்குள் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ் வந்துவிடும். கண்ணாடி மேலெழும்பி இறங்கும் 'டக்' சத்தம் வேறு. 'அமைதி' முறையில் வைத்தாலும் முழுக்க அடங்காது. இங்கே சின்னக் கேமராதான். போவதற்கு முன்பே பிளாஷை நிறுத்துங்கள், 'பீப்' சத்தத்தை அணையுங்கள், குவியம் பிடிக்க எரியும் சின்ன விளக்கையும் மறக்காமல் அணையுங்கள். யாருக்கு எந்தக் குவளை கொடுக்கப்படுகிறது என்பது ஒரே படத்தில் தெரிய வேண்டும். தனியாகப் போகாதீர்கள். உள்ளூர்த் தோழர்களின் ஒப்புதல் இல்லாமல் எடுக்காதீர்கள். நாம் பேருந்து ஏறிவிடுவோம். அடுத்த நாள் அந்தக் கடை வழியாக நடக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எடுத்த படம் என்ன ஆக வேண்டும்? முகநூலோடு முடிந்தால் இத்தனை பேச்சு தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 12ஆவது விதிப்படி மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் சம்பவ இடத்துக்கு வந்து உயிரிழப்பையும் சேதத்தையும் மதிப்பிட வேண்டும். அவர்கள் வருவதற்குள் தெருவைக் கூட்டிச் சுத்தம் செய்துவிடும் வழக்கம் நமக்குத் தெரியும். அதற்கு முன்பு எடுத்த படம்தான் பேசும். முதலில் தெரு முழுதும், பிறகு வீடு முழுதும், பிறகு அறை, கடைசியாக உடைந்த பொருள் என்று வெளியிலிருந்து உள்ளே போங்கள். எந்த வீட்டுப் பொருள் என்ற சண்டையே வராது.

நீதிமன்றத்துக்குப் போகும் படம் என்றால் மெமரி கார்டே மூலம். அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கொண்டுவந்து சாட்சி சொன்னால் தனிச் சான்றிதழ் வேண்டாம், பிரதி கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம். அது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவு இருக்கிறது. சான்றிதழில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் குறிக்க வேண்டும். அதனால் முக்கியமான நாளில் எடுத்த கார்டை அழித்து மறுபடி பயன்படுத்தாதீர்கள். உறையில் போட்டு, தேதி எழுதி, யார் எடுத்தது என்று எழுதி, வழக்கறிஞரைக் கலந்து பத்திரப்படுத்துங்கள். கேமராவின் கடிகாரத்தையும் சரிபாருங்கள். நீண்ட நாள் பேட்டரி இல்லாமல் கிடந்த கேமரா தேதியை மறந்துவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு தவறான தேதி போதும். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர்களின் முகத்தையோ, அடையாளம் காட்டும் வீட்டையோ ஒருபோதும் வெளியிடாதீர்கள். சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் குற்றம்தான்.

இப்போது பதில். காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் சின்னதை வாங்குங்கள். கூடவே ஒரு பேட்டரியும் இரண்டு கார்டும். ஒரு முறை சார்ஜ் செய்தால் அது 200 படத்தைச் சற்றுத் தாண்டும். டிஎஸ்எல்ஆர் 500 தாண்டும். காசு சேர்ந்தபிறகு பக்கத்துக் கல்லூரித் தோழர்களோடு சேர்ந்து பொதுவில் ஒரு டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. லென்ஸோடு. இரவுக் கூட்டத்துக்கும், ஊர்வலத்துக்கும், நிதானமாக உட்கார்ந்து எடுக்கும் முகங்களுக்கும் அது. வீட்டுக்குள்ளும், டீக்கடைக்குள்ளும், கிணற்றடிக்கும் சின்னது.

முகங்களை எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பிரெடெரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட மனிதர். கறுப்பரைக் கேலிச்சித்திரமாகவே வரைந்து பழகிய நாட்டில், தன் முகத்தைத் தானே தீர்மானித்த தோற்றத்தில் பதிந்து வைக்க வேண்டும் என்று தெரிந்தே அதைச் செய்தார். மும்பைத் துப்புரவுத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த சுதாரக் ஒல்வேயின் படங்களைத் தேடிப் பாருங்கள். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த மதுரை பழனிக்குமாரின் படங்களைப் பாருங்கள். மனிதரும் அவரைச் சுற்றி இருக்கும் உலகமும் ஒன்றாகவே நிற்கும். அங்கே யாரும் 'ஐயோ பாவம்' இல்லை.

கடைசியாக ஒன்று. சின்னக் கேமராவின் மிகப்பெரிய வசதி அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வரலாம் என்பதுதான். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். அடுத்த வன்கொடுமை நடக்கும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். பேருந்து பிடித்துப் போய்ச் சேருவதற்குள் பாதித் தடயம் போயிருக்கும். அந்தத் தெருவிலேயே பிறந்து, எந்த வீடு யாருடையது, எந்தக் குழாயில் தண்ணீர் வராது, யார் பொய் சொல்கிறார் என்று எல்லாம் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அங்கே இருப்பாள். கேமரா அவள் கைக்குப் போகட்டும்.

ஜெய்பீம்.